நல்லம்மாளின் விரலும் என் கரண்டியும்

நல்லம்மாளை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடித்தவர்களைப் பற்றி எழுதினால் மனிதன் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான். எனக்கு அந்தக் கவலை இல்லை.

கிள்ளானிலிருந்து ஏழாவது மைலில் இருந்ததால் அந்த ரப்பர் தோட்டத்துக்கு ஏழாங்கட்டைத் தோட்டம் என்று பேர். அங்கே நான் ஒன்பது வருஷம் டிரஸ்ஸராக இருந்தேன். டிரஸ்ஸர் என்றால் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவன் மட்டும் இல்லை. டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். மற்ற நாளெல்லாம் நான்தான் டாக்டர். காய்ச்சலுக்குக் கொயினா, வயிற்றுக்கு விளக்கெண்ணெய், இருமலுக்குச் சிவப்புத் தண்ணீர். வேலாயுதம் என்ற என் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள், எல்லாருக்கும் நான் "டிரஸ்ஸர் ஐயா". நல்லம்மாளும் அப்படித்தான் கூப்பிட்டாள். ஆனால் அவள் கூப்பிடும்போது மரியாதை டிரஸ்ஸரோடு நின்றுவிடும், 'ஐயா' ஒப்புக்குப் பின்னால் வரும்.

அவளுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். ஏழு வயதில் அப்பன் தோளில் ஏறிக் கப்பலில் வந்தவள். இங்கேயே பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கக் கற்று, இங்கேயே கல்யாணமாகி, புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்து, ஒரே மகள் புஷ்பவல்லியை அதே தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தாள். ஊர் எது என்று கேட்டால் ஏழாங்கட்டை என்பாள். அதற்கு முந்தின ஊர் எது என்று கேட்டால், கப்பல் என்பாள்.

எங்களுக்குள் இருந்த பகை தொழில் பகை. கூலிக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பேர். லயத்தில் ஒரு பிள்ளை இருமி, கஞ்சி இறங்காமல் சிணுங்கினால், தாய்மார்கள் "உள்நாக்கு விழுந்திடுச்சு" என்பார்கள். நேரே நல்லம்மாள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அவள் உப்பையும் மிளகையும் பொடித்து, வலது கை ஆள்காட்டி விரலில் தொட்டு, பிள்ளையின் வாயைத் திறந்து, தொண்டைக்குள் விட்டு உள்நாக்கை மேலே தூக்கி அழுத்திவிடுவாள். பிள்ளை அலறும், கோழையைக் கக்கும். இரண்டு நாள் கழித்துக் கஞ்சி குடிக்கும். ஆகா, நல்லம்மாள் கை ராசி என்பார்கள். சும்மா விட்டிருந்தாலும் இரண்டு நாளில் அது குடித்திருக்கும். என் சிவப்புத் தண்ணீருக்கும் அதே ராசிதான் என்பது எனக்குத் தெரியும், நான் வெளியே சொன்னதில்லை.

ரப்பர் விலை விழுந்த வருஷம் அது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. தோட்டத்தில் ஆள் குறைத்தார்கள். குறைக்கப்பட்டவர்களை நாகப்பட்டினத்துக் கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். யார் போவது, யார் இருப்பது என்று பட்டியல் எழுதுகிறவர் ராதாகிருஷ்ணன், எங்கள் பெரிய கிராணி. தோட்டத்து ஆபீசின் கணக்கு, பேரேடு, சீட்டு, லோரிச் சாவி எல்லாம் அவர் கையில். விடியற்காலைப் பெரட்டில் ஜனங்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதும் அவர்தான். ஒரு பேருக்கும் அடுத்த பேருக்கும் நடுவில் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி, ஒரு தும்மல். முன்வரிசையில் நின்றவர்களுக்கு மழை இல்லாத நாளிலும் தூறல் உண்டு.

பெரட்டு முடிந்ததும் ஆயாக் கொட்டகைக்குப் போவார். தாய்மார்கள் மரம் வெட்டப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் கொட்டகை அது. பிள்ளைகளுக்குப் பால் அளந்து கொடுக்க வேண்டுமே, அதனால் தலை எண்ணுவார். ஒன்று, இரண்டு என்று ஒவ்வொரு கன்னமாகக் கிள்ளி எண்ணுவார், பொடி ஒட்டிய அதே விரலால். மூன்று மாதமாக அவருக்கு ஒரு பக்கத்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மேலுதடு சிவந்து புண்ணாகியிருந்தது. பொடியை விடுங்கள் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

கார்த்திகை மாதத்து மழையில் லயம் முழுக்க இருமல். வீரம்மாவின் மகள் அஞ்சலைக்கு அப்போது நான்கு வயது. வீரம்மா நல்லம்மாளோடு ஒரே நிரையில் மரம் வெட்டுகிறவள். ஒரு மத்தியானம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நல்லம்மாளிடம் போயிருக்கிறாள். நல்லம்மாள் வழக்கம்போல் விரலை விட்டாள். விட்டதும் எடுத்துவிட்டாள். விரலில் கோழை இல்லை, ரத்தம் இருந்தது.

பிள்ளையைத் தானே தோளில் போட்டுக்கொண்டு என் மருந்தறைக்கு வந்தாள். வீரம்மா பின்னால் ஓடி வந்தாள். இது உள்நாக்கு இல்லை, உள்ளே தோல் மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது, நகர்த்தினால் ரத்தம் வருகிறது, கிள்ளானுக்குக் கொண்டுபோங்கள் என்றாள் நல்லம்மாள். முப்பது வருஷமாகத் தொண்டைகளைத் தடவிய விரல் அது. அந்த ஒரு தொண்டை வேறு என்று அதற்குத் தெரிந்திருந்தது.

என்னிடம் ஒரு கரண்டி உண்டு. நாக்கை அழுத்திப் பார்க்கிற கரண்டி. ஒரு குவளையில் ஊதா நிற மருந்துத் தண்ணீர் கலந்து அதில் போட்டிருப்பேன். காலையிலிருந்து இருபது பிள்ளைகளின் வாயைப் பார்த்து முடித்திருந்தேன். அதை எடுத்து அஞ்சலையின் வாயில் வைத்துப் பார்த்தேன். வெள்ளையாக, சாம்பல் பூத்ததுபோல் இருந்தது. தொண்டை அடைப்பானாக இருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். இந்தக் காலத்தில் டிப்தீரியா என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது. ஆனால் கிள்ளானுக்கு அனுப்ப லோரி வேண்டும், லோரிக்குக் கிராணியிடம் சீட்டு வாங்க வேண்டும். போன வாரம்தான் ஒரு சீட்டுக்கு அவர் என்னைப் பத்துப் பேர் நடுவில் வைத்துத் திட்டியிருந்தார். தொண்டைக்கு மருந்து தடவிவிட்டு, நாளைக்குக் காலையில் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டேன்.

அந்த 'நாளைக்குக் காலை' வந்தபோது பிள்ளை மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. லோரி போனது. ஊசியும் போட்டார்கள். நேற்றே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று கிள்ளான் டாக்டர் சொன்னாராம். சாயங்காலம் வீரம்மா வெறும் துணியோடு திரும்பி வந்தாள்.

அந்த வாரமே இன்னும் மூன்று பிள்ளைகள் விழுந்தன. நல்லவேளையாக அவர்களுக்கு நேரத்தில் ஊசி போட்டதால் பிழைத்தார்கள். மூன்றில் இரண்டு நல்லம்மாளிடம் உள்நாக்குத் தூக்கிக்கொண்டவை. அவ்வளவு போதாதா? பிள்ளையைக் கொன்ற கை என்று பேச்சுக் கிளம்பியது. முதலில் கிளப்பியவர் கிராணி. அவர் என்னைப் பார்த்து, "என்ன டிரஸ்ஸர், அந்தக் கிழவி விரல்தானே?" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டியது பொய் இல்லை, விரலால் நோய் போயிருக்கவும் கூடும். ஆனால் நான் ஆட்டியது என்னைக் காப்பாற்றிக்கொள்ள. வீரம்மா நல்லம்மாள் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள்.

கப்பல் பட்டியலில் முதல் பேர் நல்லம்மாள் என்று ஆனது. மகளையும் மருமகனையும் விட்டு அவள் மட்டும். அவளுக்குத் தெரிந்தவர் ஒருத்தர்கூட இல்லாத ஒரு துறைமுகத்தில், ஒற்றை மூட்டையோடு இறக்கிவிடப் போகிறார்கள். புஷ்பவல்லிக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். நல்லம்மாள் அழுவாள், கிராணி காலில் விழுவாள் என்று லயமே காத்திருந்தது. அவள் மறுநாள் பெரட்டில் வந்து தன் இடத்தில் நின்றாள், தன் கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு தன் நிரைக்குப் போனாள். யாரும் பக்கத்தில் நடக்கவில்லை. பாதையின் நடுவில் தனியாக நடந்து போனாள்.

விசாரணை ஆபீஸ் வராந்தாவில் நடந்தது. கிள்ளானிலிருந்து டாக்டர் வந்திருந்தார், வங்காளத்துக்காரர், நல்ல மனிதர். தமிழ் ஒரு வார்த்தை வராது. தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் துரையும் சீமையிலிருந்து வந்து நாலு மாதம்தான், அவருடைய தமிழ் 'வா'வையும் 'போ'வையும் தாண்டவில்லை. ஆகவே நல்லம்மாள் சொல்வதை இங்கிலீஷில் சொல்ல வேண்டியவன் நான்.

அவள் படிக்குக் கீழே நின்றாள். விரலை விட்டாயா என்று டாக்டர் கேட்டார், நான் கேட்டேன். விட்டேன் என்றாள். பிறகு அவளாகவே பேசினாள்.

"என் விரலு மூணு பிள்ள தொண்டைக்குப் போச்சு, இல்லன்னு சொல்லல. இவரு கரண்டி எத்தன தொண்டைக்குப் போச்சு? காலையில அந்தத் தண்ணி கத்தரிக்காக் கலர்ல இருக்கும், பத்தாவது பிள்ளைக்குள்ள பழுப்பாயிடும். அதுலதான் முக்கி முக்கி எடுக்குறாரு. அஞ்சலைய நான் அன்னைக்கே தூக்கியாந்தேன், நாளைக்குப் பாக்கலாம்னு திருப்பி அனுப்புனதும் இவருதான். கிராணி ஐயா மூக்கு மூணு மாசமா ஒழுகுது, அந்தக் கையாலதான் எங்க பிள்ளைங்க கன்னத்தக் கிள்ளுறாரு. என் தொண்டையப் பாருங்க. பாத்துட்டு எல்லார் தொண்டையையும் பாருங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் டாக்டரிடம் திரும்பி இங்கிலீஷில் சொன்னேன்: மூன்று பிள்ளைகளுக்கு விரல் விட்டதை ஒப்புக்கொள்கிறாள், மன்னிப்புக் கேட்கிறாள்.

இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சுடுகிறது. மன்னிப்பு என்ற வார்த்தையை அவள் வாயில் நான் வைத்தேன். கிராணிக்கு இரண்டு பாஷையும் தெரியும். அவர் பொடி டப்பாவைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒன்பது வருஷத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான்.

டாக்டர் தலையை ஆட்டி எழுத ஆரம்பித்தார். நல்லம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை, கிராணி மூக்கைப் பார்க்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்பி, வராந்தாவின் கோடியில் இருந்த என் மருந்தறைக்குள் நுழைந்தாள். குவளையைத் தூக்கிக்கொண்டு வந்து டாக்டர் எழுதிக்கொண்டிருந்த காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மருந்துச் சக்தி போன பழுப்புத் தண்ணீர், உள்ளே கரண்டி. கரண்டிக்குப் பக்கத்தில் மேஜைமேல் தன் ஆள்காட்டி விரலை நீட்டி வைத்தாள். இரண்டையும் மாறி மாறித் தொட்டுக் காட்டினாள். பிறகு தன் வாயைத் திறந்து தொண்டையைக் காட்டினாள். என் வாயைக் காட்டினாள். கிராணியின் மூக்கைக் காட்டினாள். கடைசியாகத் துரையின் வாயையும் காட்டினாள், அவரையும் விட்டுவைக்கவில்லை.

துரைக்கு முகம் சிவந்தது. டாக்டர் குவளையை எடுத்து முகர்ந்து பார்த்தார். கரண்டியை எடுத்துப் பார்த்தார். பிறகு கிராணியின் மேலுதட்டை நிமிர்ந்து பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். எழுதியதைக் கிழித்துப்போட்டு, தோட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் தொண்டையிலும் மூக்கிலும் பஞ்சு வைத்து எடுக்க வேண்டும் என்று சொன்னார். அதை நான் தமிழில் முழுசாகவே சொன்னேன், வேறு வழி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரட்டுக் களத்தில் வரிசை நின்றது. கம்பியில் சுற்றிய பஞ்சை ஒவ்வொருவர் தொண்டையிலும் மூக்கிலும் தடவி, கண்ணாடிக் குழாயில் போட்டு, பேர் எழுதி ஒட்ட வேண்டும். டாக்டரே பக்கத்தில் நின்றார். ஒருவருக்கு எடுத்த கம்பி அடுத்தவருக்குக் கிடையாது, தெரிகிறதா என்று என்னிடம் மூன்று தரம் சொன்னார். முதல் ஆளாக நல்லம்மாள் வந்து வாயைத் திறந்தாள். கிராணி வரமாட்டேன் என்றார். தான் என்ன கூலிக்காரனா என்று இங்கிலீஷில் கேட்டார். கிருமிக்கு இங்கிலீஷ் தெரியாது என்று டாக்டர் சொன்னதும் வந்தார். மூக்கில் பஞ்சு போனதும் டாக்டரின் முகத்திலேயே தும்மினார். களம் முழுக்கச் சிரித்தது. வீரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

நூற்றுப்பத்துப் பேருடைய குழாய்கள். மரப்பெட்டியில் அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு, கிள்ளானில் ரயிலேறிக் கோலாலம்பூருக்குப் போனேன். லேப்பில் கொடுத்துவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிநேகிதன் வீட்டுத் தாழ்வாரத்தில் இரண்டு நாள் காத்துக்கிடந்தேன். எல்லாம் அவள் தொண்டையில் மட்டும் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கடவுளிடம் இவ்வளவு கேவலமாக நான் எதையும் கேட்டதில்லை.

பதில் வந்தது. பத்துப் பேரிடம் கிருமி இருந்தது. ஆறு பிள்ளைகள், இரண்டு பால்மரக்காரர்கள். கிராணி ராதாகிருஷ்ணன், மூக்கில் ஏராளமாக. நல்லம்மாள், தொண்டையில். என் தொண்டை சுத்தம். நாக்குதான் அழுக்கு, அதைப் பரிசோதிக்க அங்கே குழாய் இல்லை.

சீக்கில்லாமல் நடமாடுகிறவர்களிடமும் கிருமி குடியிருக்கும் என்பதை டாக்டர் எனக்கு விளக்கினார். இருமலும் சளியும் வரும் காலத்தில் எல்லார் மூக்கிலும் தொண்டையிலும் பத்து விதமான கிருமிகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெரியவர்கள் பலருக்கு ஒன்றும் செய்யாது. அவர்கள் பேசுவார்கள், தும்முவார்கள், பிள்ளைகளைக் கொஞ்சுவார்கள். இறங்குகிற இடம் பிஞ்சுத் தொண்டையாக இருந்தால் தோலாகப் படர்ந்து மூச்சை அடைக்கும். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று இப்போது ஒருவராலும் சொல்ல முடியாது என்றார்.

நல்லம்மாளிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தாள். உன்னிடமும் இருக்கிறது என்றேன். கத்தியைக் கீழே வைத்தாள். வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்றைக்குத்தான் அவள் கண் கலங்கி நான் பார்த்தது.

"அப்ப என் கையாலயும் போயிருக்கும்" என்றாள்.

யாரால் போனது என்று சொல்ல முடியாது, டாக்டரே சொல்லிவிட்டார் என்று ஆறுதலாகச் சொன்னேன். அவள் நிமிர்ந்தாள்.

"சொல்ல முடியாதுன்னா, அன்னைக்கு மட்டும் எப்படிச் சொன்னீங்க?"

மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன்.

பத்துப் பேரையும் காலியாகக் கிடந்த கடைசி லயத்தில் ஒதுக்கி வைத்தார்கள். அடுத்தடுத்து மூன்று தரம் பஞ்சு சுத்தமாக வந்தால்தான் வெளியே விடுவது. கிராணி தனி அறை கேட்டார், இல்லை என்றது டாக்டரின் உத்தரவு. லயத்துப் பக்கம் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர் அவர். ஒரே பானையில் எல்லாருக்கும் சோறு, பொங்குகிறவள் நல்லம்மாள். முதல் நாள் பட்டினி கிடந்தார். இரண்டாம் நாள் மத்தியானம் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றார். அவள் அவர் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டு, பெரட்டுப் போலவே, "ராதாகிருஷ்ணன், வந்தாச்சு" என்று சோற்றைப் போட்டாள். அவர் தட்டை நீட்டி வாங்கிக்கொண்டார். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பது சும்மாவா.

பதினாறாம் நாள் அவளுக்கு மூன்றாவது பஞ்சும் சுத்தம். கிராணிக்கு முப்பத்தெட்டு நாள் ஆனது. அதற்குள் ஒரு கப்பல் போய்விட்டது. கிருமி உள்ளவளை ஏற்றமாட்டோம் என்று கப்பல்காரர்கள் சொல்லிவிட்டதால் அவள் தப்பினாள். ஆனால் கிராணி வெளியே வந்த வாரமே அடுத்த பட்டியல் எழுதினார். முதல் பேர் மறுபடியும் நல்லம்மாள். பேருக்கு எதிரே, விரலால் நோய் பரப்பியதை விசாரணையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டவள் என்று எழுதியிருந்தது. நான் சொன்ன வார்த்தை அப்படியே இருந்தது.

புஷ்பவல்லிக்கு அது எட்டாவது மாதம். நல்லம்மாள் மருந்தறைக்கு வந்து கதவை மூடி, அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"அன்னைக்கு நான் சொன்னத நீங்க முழுசாச் சொல்லல. எனக்கு இங்கிலீசு தெரியாது, நீளம் தெரியும். நான் அவ்வளவு நேரம் பேசுனேன், நீங்க ஒரு மூச்சுல முடிச்சிட்டீங்க. இப்ப எழுதுங்க."

வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றேன். காத்திருக்கட்டும் என்றாள். வேலை போய்விடும் என்றேன். ஆமாம், போகும் என்றாள். அதை எனக்கு ஆறுதல் சொல்வதுபோலக்கூடச் சொல்லவில்லை. பெண்டாட்டி பிள்ளை இருக்கிறார்கள் என்றேன்.

"வீரம்மாவுக்கும் ஒண்ணு இருந்துச்சு" என்றாள்.

எழுதினேன். கரண்டியை, பழுப்புத் தண்ணீரை, கிராணியின் மூக்கை, அஞ்சலையை முதல் நாளே அவள் தூக்கி வந்ததை, நான் திருப்பி அனுப்பியதை, மன்னிப்பு என்று நான் பொய் சொன்னதை. ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டாள். இரண்டு இடத்தில் நிறுத்தி, இது குறைகிறது என்று திருத்தினாள். கையெழுத்துப் போடச் சொன்னாள். தபாலில் அனுப்புகிறேன் என்றேன். அதற்கு அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஏழு மைலும் நடந்து கிள்ளானுக்குப் போய் டாக்டர் கையிலேயே கொடுத்தாள்.

பட்டியலிலிருந்து அவள் பேர் எடுக்கப்பட்டது. என் பேர் சம்பளப் பேரேட்டிலிருந்து எடுக்கப்பட்டது. கிராணி கிராணியாகவே இருந்தார். ஆனால் பொடியை விட்டுவிட்டார், பிள்ளைகளைத் தூரத்தில் நின்று எண்ணினார் என்று கேள்வி. நான் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து ஒரு மருந்துக்கடையில் குப்பி கழுவி, மருந்து கலந்து பிழைத்தேன். கொதிக்கிற தண்ணீரில்தான் கழுவினேன். முதலாளி விறகுச் செலவுக்குத் திட்டுவார், திட்டிக்கொள்ளட்டும்.

ஏழு வருஷம் கழித்து, புஷ்பவல்லியின் மகளுக்குக் காது குத்து என்று நல்லம்மாள் ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினாள். எதற்கு என்னைக் கூப்பிடுகிறாள் என்று புரியாமலேயே போனேன். தோட்டத்தில் புது டிரஸ்ஸர். அவர் என்னிடம் ஒரே புலம்பல். அந்த அம்மாள் இப்போது யார் தொண்டையிலும் விரல் வைப்பதில்லையாம். பிள்ளையை வெயிலுக்கு நேரே நிறுத்தி வாயைத் திறந்து பார்ப்பாளாம், நேரே மருந்தறைக்குக் கூட்டி வந்துவிடுவாளாம். வந்து, கரண்டி கொதிக்கிற தண்ணீரில் கிடந்ததா என்று பார்க்காமல் நகர மாட்டாளாம். சந்தேகம் வந்தால் தன் வீட்டு அடுப்பிலிருந்தே தண்ணீர் கொண்டுவந்துவிடுவாளாம். நீங்கள் எப்படி ஐயா இவளோடு ஒன்பது வருஷம் காலம் தள்ளினீர்கள் என்று கேட்டார். நான் தள்ளவில்லை, அவள்தான் என்னைத் தள்ளினாள் என்றேன்.

சாப்பாடு முடிந்து, எல்லாரும் கலைந்த பிறகு, நான் அவளிடம் கேட்டுவிட்டேன். இத்தனை வருஷத்தில் தினமும் மனதுக்குள் கேட்டுப் பார்த்த கேள்விதான். என்னை மன்னித்துவிட்டாயா என்றேன்.

"எனக்கு என்ன கெட்டுப்போச்சு, மன்னிக்க? கப்பல்ல ஏத்தப் பாத்தாங்க, ஏறல. கேக்க வேண்டிய எடம் வேற" என்றாள்.

எந்த இடம் என்று எனக்குத் தெரியும். லயத்தில் நான்காவது வீடு, வீரம்மா வீடு. இத்தனை வருஷம் ஆகியும் அந்த வீட்டு வாசலைக் கடக்க முடியாமல் சுற்றுவழியில்தான் அன்று காலை வந்திருந்தேன். நேரமாகிவிட்டது, ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்தேன். நல்லம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஐம்பத்தேழு வயதுக் கை, மரம் வெட்டி மரம் வெட்டிக் காய்த்துப்போன கை. அதே ஆள்காட்டி விரல் என் நாடியின் மேல் இருந்தது. இழுத்துக்கொண்டு நடந்தாள். விடு என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, வேண்டாம் என்று நினைக்கவும் இல்லை.

அவள்தான் கதவைத் தட்டினாள். வீரம்மா வெளியே வந்தாள். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வீரம்மா, டிரஸ்ஸரு வந்திருக்காரு. அஞ்சலை விஷயமா ஒண்ணு சொல்லணுமாம்" என்றாள் நல்லம்மாள்.

பிறகு என் கையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லு தம்பி. இந்தத் தடவ முழுசாச் சொல்லு."